ரூட்டும் ஸ்கொயரும் அடிபட்டுப் போகாது

எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். நேற்று சாயங்காலம் கணக்கு நோட்டோடு வந்தான். ரூட்டுக்குள் எக்ஸ் ஸ்கொயர் இருந்தால் விடை என்ன என்று கேட்டேன்.

"ரூட்டும் ஸ்கொயரும் அடிபட்டுப் போயிடும் மாமா. எக்ஸ்தான்."

சரி, எக்ஸுக்குப் பதிலா -5 போட்டுப் பாரு என்றேன். வர்க்கம் 25, அதன் ரூட் 5. "மைனஸ் எங்க போச்சு?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

ஆசிரியர்களிடமும் வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். குறுக்குக்கோடு போட்டு அடிக்கிற இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 25-க்கு வர்க்கமூலம் 5, -5 என்று இரண்டு உண்டு. ஆனால் ரூட் குறி போட்டால் அதில் மைனஸ் இல்லாததை மட்டும்தான் அது குறிக்கும். அதனால் விடை எக்ஸ் இல்லை, எக்ஸின் மட்டு மதிப்பு, அதாவது மைனஸ் குறி இருந்தால் அதை நீக்கிய மதிப்பு. பாடப்புத்தக விடைகளில் இரண்டு பக்கமும் நெட்டுக்கோடு இருப்பது இதற்காகத்தான். "கோடு போடு, இல்லேன்னா மார்க் போயிடும்" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு என்ன புரியும்?

எல்லா இடத்திலும் கோடு போடவும் வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். 72 என்பது 36 பெருக்கல் 2. ரூட்டுக்குள் 72 எக்ஸ் ஸ்கொயர் இருந்தால் 6 வெளியே வரும், எக்ஸ் மட்டுக்கோட்டோடு வரும், ரூட் 2 மிஞ்சும். அதையே 72 எக்ஸ் கியூப் என்று மாற்றுங்கள். 6 எக்ஸ் வெளியே, 2 எக்ஸ் உள்ளே. இங்கே கோடு தேவையில்லை. எக்ஸ் மைனஸாக இருந்தால் அதன் கியூபும் மைனஸ், அப்போது மெய்யெண்களில் அந்த ரூட்டே கிடையாது. கணக்கே எக்ஸ் மைனஸாக இருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறது!

அப்புறம் இன்னொரு தவறு, எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 9-க்கு ரூட் எடுத்து எக்ஸ் கூட்டல் 3 என்று எழுதுவது. ரூட் குறியின் தலையில் நீளும் கோட்டை 1637-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் தெகார்த் சேர்த்தார். அதன் கீழே இருப்பதெல்லாம் சேர்ந்து ஒரே எண். பெருக்கலைப் பிரித்து எடுக்கலாம், கூட்டலைப் பிரிக்க முடியாது.

இதைப் பையனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் எக்ஸுக்கு 4 போட்டுவிட்டான். 16-உம் 9-உம் 25, ரூட் 5. இந்தப் பக்கம் 4-உம் 3-உம் 7.

"தப்பு மாமா, வரல" என்று அவனே அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனான்.