1991க்குப் பிறகு யாரும் அதைத் தாண்டவில்லை

டிரம் கார்ப்ஸ் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே வழக்கில் வந்து நிற்கும். ஊரறிந்த ஓர் இசையை மைதானத்தில் மிகச் சிறப்பாக வாசித்த அணி எது? ஆளுக்கோர் ஆண்டைச் சொல்வார்கள்: 1984, 1988, 1996, 2008. என் பதில் 1991. ஸ்டார் ஆஃப் இந்தியானா வாசித்த ரெஸ்பிகியின் 'பைன்ஸ் ஆஃப் ரோம்'. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவில் கோடைதோறும் நடக்கும் போட்டி இது. டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 1972 முதல் சாம்பியன் பட்டம் வழங்குகிறது. இளைஞர்கள், பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், கொடி சுழற்றுபவர்கள். வயலின், கிளாரினெட், புல்லாங்குழல் எதற்கும் இடமில்லை. பதினோரு, பன்னிரண்டு நிமிடங்களுக்கு மைதானம் முழுக்க ஓடி, வளைந்து, வடிவங்கள் போட்டுக்கொண்டே அத்தனையையும் மனப்பாடமாக வாசிக்க வேண்டும்.

இது எவ்வளவு கடினம் என்பது தொலைக்காட்சியில் தெரியாது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நீளம் 100 கெஜம். ஒரு கோடியில் எழும் ஓசை மறுகோடிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய கால் விநாடி பிடிக்கும். நிமிடத்துக்கு 180 தட்டு என்று பாயும் இசையில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளியே மூன்றில் ஒரு விநாடிதான். ஆளாளுக்குக் காதில் விழுந்ததை நம்பி வாசித்தால் எல்லாம் சிதறிவிடும். அதனால் பின்வரிசையில் இருக்கும் மேளக்காரர்களின் ஓசை தன்னிடம் வந்து சேரும் கணத்தில்தான் முன்னால் நிற்பவர் ஊத வேண்டும். மேடையில் கை அசைக்கும் டிரம் மேஜரின் கண்ணோ மேளக்காரர்களின் கால்களில் இருக்கும். மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இதைச் செய்கிறார்கள்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பித்தளைக்கு மாற்றும்போது சேதாரம் நிச்சயம் உண்டு. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் படைப்பை வெட்டிச் சுருக்குகிறார்கள். வயலின் பாட வேண்டியதை மெல்லோஃபோன் பாடுகிறது. எனவே 'மூலத்துக்கு எவ்வளவு விசுவாசம்' என்று அளப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அரங்கில் உட்கார்ந்து வாசிக்கும்போது கிடைக்காத எதையாவது, நடந்து வாசிப்பதால் அந்த இசை அடைந்ததா? நான் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

ரெஸ்பிகி 1924இல் எழுதிய அந்தப் படைப்பின் கடைசிப் பகுதி, ஆப்பியன் சாலையில் ரோமானியப் படை விடியலில் நடந்து வருவதைச் சொல்கிறது. தொலைவில் மந்தமான காலடி ஓசை, மெல்ல மெல்ல நெருக்கம், கடைசியில் எக்காளங்கள் வெடிக்கின்றன. அரங்கில் இது முழுக்க முழுக்கக் கற்பனை. வாசிப்பவர்கள் நாற்காலியை விட்டு அசைவதில்லை. மைதானத்தில் படை நிஜமாகவே நடந்து வருகிறது. அந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் உண்டா? உச்சத்தில் அணி பெரிய சிலுவை வடிவமாகிறது, அந்தச் சிலுவை தனக்குள்ளேயே கரைந்து இன்னொரு சிலுவையாகத் திறக்கிறது. எவரும் நிற்கவில்லை, ஓசை ஒரு நூலளவும் குறையவில்லை. நடையை அமைத்த ஜார்ஜ் ஜிங்காலி அடுத்த ஆண்டே காலமானார். அன்று ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக் வந்தது 2004இல்தான்.

அதே அளவுகோலில் 1995இல் கேவலியர்ஸ் வாசித்த ஹோல்ஸ்ட்டின் 'பிளானட்ஸ்' மிக அருகில் வருகிறது. அதில் செவ்வாய்க் கிரகப் பகுதி ஐந்து தட்டுத் தாளம். மனிதனுக்குக் கால் இரண்டு. ஒரு சுற்று இடது காலில் தொடங்கினால் அடுத்தது வலது காலில்தான் தொடங்கும். அழுத்தம் கால் மாறிக்கொண்டே இருக்கும். காதில் கேட்டபோது வெறும் முரட்டு இசையாக இருந்தது, கண்ணில் பார்க்கும்போது நிலைகொள்ளாத போராகிவிடுகிறது.

கோப்லண்டின் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' 1944இல் மார்த்தா கிரஹாமின் நடனத்துக்காக எழுதப்பட்டது. பிறப்பிலேயே கால் முளைத்த இசை. கார்ஃபீல்ட் கேடட்ஸ் 1987இல் அதை வைத்துப் பட்டம் வென்றது. சாண்டா கிளாரா வான்கார்ட் 2009இல் மறுபடியும் எடுத்தது. நான் 1987 கட்சி. 1984இல் கேடட்ஸ் வாசித்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' பற்றிக் கேட்காதீர்கள், அருமைதான், ஆனால் அதற்கு வக்கீல்கள் ஏற்கெனவே அதிகம்.

இனி பேன்டம் ரெஜிமென்ட் ரசிகர்கள் கம்போடு வருவார்கள். 2008இன் 'ஸ்பார்ட்டகஸ்' 0.025 புள்ளி வித்தியாசத்தில் ப்ளூ டெவில்ஸை வென்றது. அணியினர் 'நான்தான் ஸ்பார்ட்டகஸ்' என்று ஒவ்வொருவராக முழங்கியதில் அரங்கமே எழுந்தது. எனக்கும் சிலிர்த்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே சிலிர்க்க வைத்தது கச்சட்டூரியனின் இசையா, நாடகமா? நாடகத்தை எடுத்துவிட்டு இசையை மட்டும் கேளுங்கள். அவர்கள் 1996இல் வாசித்த ஷோஸ்டகோவிச்சின் இசை அப்படியல்ல, 97.4 புள்ளியில் ப்ளூ டெவில்ஸோடு பட்டத்தைப் பகிர்ந்தது, கதாபாத்திரம் எதுவும் இல்லாமலே நெஞ்சைப் பிடித்து உலுக்கியது.

புள்ளிகளை வைத்து என்னிடம் வாதாட வேண்டாம். இதுவரையிலான உச்சம் 2014இல் ப்ளூ டெவில்ஸ் வாங்கிய 99.65. அந்த நிகழ்ச்சியின் இசையை உங்களால் முணுமுணுக்க முடியுமா? 1988இல் மேடிசன் ஸ்கவுட்ஸ் முழங்கிய 'மலகேனா'வை எவரும் முணுமுணுப்பார்கள். லெகுவோனா பியானோவுக்கு எழுதியது, ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழு வழியாக வந்து, கன்சாஸ் சிட்டியில் எதிர்பாராத பட்டத்தைப் பறித்துக்கொண்டு போனது. இப்போதோ ஒரு நிகழ்ச்சிக்குப் பத்து இசையிலிருந்து எட்டெட்டு வரி வெட்டி ஒட்டுகிறார்கள், நடுவில் ஒலிபெருக்கியில் யாரோ தத்துவம் பேசுகிறார்கள். கரோலினா கிரவுனின் 2013 நிகழ்ச்சியை விதிவிலக்காக விட்டுவிடுகிறேன்.

ஸ்டார் ஆஃப் இந்தியானாவின் 1993 நிகழ்ச்சியை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். பார்பர், பார்டோக் இருவரின் இசை, 0.1 புள்ளியில் கைநழுவிய பட்டம், கூட்டத்தில் சிலரின் எதிர்ப்புக் கூச்சல்... அதைத் தொட்டால் விடிந்துவிடும்.

பேன்டம் நண்பர்களுக்கு என் அளவுகோலே ஓர் ஓட்டை விட்டிருக்கிறது, நானே காட்டிவிடுகிறேன். 1970களின் இறுதியில் அவர்கள் வாசித்த வாக்னரின் 'எல்சாவின் ஊர்வலம்'. மணப்பெண் தேவாலயத்துக்கு நடந்து போகும் இசை. அதுவும் நடை, அவசரமில்லாத நடை. என் வரிசையில் அதற்கு இரண்டாம் இடம், மலகேனாவுக்கு மூன்றாம் இடம். கேவலியர்ஸையும் 1987 கேடட்ஸையும் அதன் பின்னால் எந்த வரிசையில் வைப்பது என்பதற்குக் கீழே சண்டை போடலாம். முதலிடத்துக்கு மட்டும் வேண்டாம்.