சம்பளம்தானே கேட்டாள்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை மறுபடியும் இங்கே போடப் போவதில்லை, எல்லாரும் பார்த்தாச்சு. பெண் பார்க்க வந்தவரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: "சம்பளம் எவ்வளவு?" அதற்கு 300 கமெண்ட். திமிர் பிடித்தவள், காசுப் பேய், அதற்குக் கீழே எழுதக் கூசுகிற வார்த்தைகள். எழுதியவர்களில் நாலு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ அனுப்பிய அண்ணன்கள்.

"எத்தனை பவுன் போடுவீங்க" என்றால் சம்பிரதாயம். 1961லேயே தடைச் சட்டம் வந்தும் அது சம்பிரதாயம்தான். சம்பளம் கேட்டால் பேராசை.

சரி, "90ஸ் கிட்ஸுக்குப் பெண் கிடைக்கலை" புலம்பலுக்கே வருகிறேன். நான் சேலத்துக்காரி. 1991 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849. (நாமக்கல் அப்போது எங்களோடுதான் இருந்தது.) மறு வருடம், வேண்டாத பெண் குழந்தைகளை அரசே வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் இங்கேதான் ஆரம்பித்தார்கள். ஏன் இங்கே என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கள்ளிப்பால் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பிறந்ததை விட்டுவைக்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு, மிச்சம் இருப்பவளைத் திட்டுகிறீர்கள். அவள் சம்பளம்தானே கேட்டாள்?

"எல்லா ஆண்களுமா அப்படி?" இல்லை. போதுமா? "பொய் வரதட்சணை வழக்கு போடுகிறார்களே?" போடுகிறவர்களும் உண்டு. இவள் போட்டாளா?

"வேலை இல்லாத ஆணின் வலி உனக்கென்ன தெரியும்" என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். தெரியும். என் தம்பிக்கு 36. அந்த 1991 கணக்கில் அவனும் ஒருத்தன். ரெண்டு விசைத்தறி ஓட்டினான். தறியை எடைக்குப் போட்ட அன்று அவன் சாப்பிடவில்லை. ஏழு இடத்திலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது. அவனுக்காக நானும் அழுதிருக்கிறேன். ஆனால் நூல் விலை ஏறியது எந்தப் பெண்ணால்? அவன் கோபம் நூல் விலை மேல் போகவில்லை, காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுகிற என் மேல் வருகிறது. "உங்களை மாதிரி ஆளுங்க வேலைக்குப் போறதாலதான் எங்களை ஒருத்தியும் மதிக்கிறதில்லை" என்றான், போன பொங்கலுக்கு. அவன் வாங்கிய தறிக் கடனை மாதாமாதம் கட்டுவது அதே வேலைதான். அதில் மட்டும் அவனுக்கு மானக்கேடு இல்லை.

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்தது. பெண். பதினோரு நாள் இருந்தது என்பார் அம்மா. அதற்கு மேல் கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஹாஹா போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தம்பி பெயரும் இருந்தது.