“நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்”

கடந்த ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் ஒரு மலையேற்றக் குழுவின் ஒருநாள் பயணத்தில் நடந்ததை இந்தப் பக்கத்தைத் தொடர்பவர்களுக்கு மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. உச்சியில் மல்லிகார்ஜுனேசுவரர் கோயிலருகே பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்தீர்கள், வாழ்த்தினீர்கள். காலையில் ஏறத் தொடங்கியவர்கள் பதினொருவர் என்பது அந்தப் படத்தின் கீழ் நான் பின்னூட்டத்தில் கேட்ட பிறகுதான் பலருக்கு உறைத்தது. படம் எடுக்கப்பட்ட நேரத்தில் அந்தப் பதினோராவது நபர், முழங்கால் வீங்கி, தென்மாதிமங்கலம் பாதையில் ஒரு பாறை மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். பத்துப் பேரும் “மாறுதலுக்காக” கடலாடிப் பக்கமாக இறங்கிவிட்டார்கள். வேனில் ஏறித் தலையை எண்ணும்போதுதான் கணக்கு உதைத்திருக்கிறது.

அவர் பத்திரமாக வீடு சேர்ந்தார், மகிழ்ச்சி. ஆனால் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது, ஒருங்கிணைப்பாளர் தந்த விளக்கமும் அதற்கு விழுந்த விருப்பக்குறிகளும். “அவங்கதான் சார் எங்களைப் போகச் சொன்னாங்க” என்பதே அந்த விளக்கம். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். “நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்” என்பது சம்மதம் அன்று, அது மரியாதை. வீட்டுக்கு வந்தவர் “சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்” என்று சொன்னால், அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிடுகிற குடும்பத்திலா நாம் வளர்ந்தோம்? மறுமுறையும் கேட்போம், இலையைப் போட்டுவிட்டே கேட்போம். சமவெளியில் நன்றாகப் புரிகிற இந்தத் தமிழ், நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் மட்டும் எப்படிப் புரியாமல் போகிறது?

ஒரு குழுவில் பின்தங்குபவருக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்பதை வேகமாக ஏறுபவர்கள் கவனிப்பதே இல்லை. முன்னால் போனவர்கள் ஒரு நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடலை மிட்டாய் தின்று, இளைப்பாறுகிறார்கள், பின்னால் வருபவர் மூச்சிரைக்க அந்த நிழலை எட்டும்போது, “வந்துட்டீங்களா, கிளம்பலாமா?” என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காமல் போகிறது. இப்படி நான்கு நிழல்களைக் கடந்த பிறகு, ஐந்தாவதில் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார். களைப்பைவிட, பத்துப் பேரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம்தான் அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. அந்தக் கூச்சத்தை உண்டாக்கியவர்களே பிறகு அதைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

இதை நான் மேடையிலிருந்து சொல்லவில்லை. 2011ஆம் ஆண்டு என் தாய்மாமாவோடு, கோவை அருகே ஏழு மலைகளைக் கடந்து சுவாமியைப் பார்க்கும் வெள்ளியங்கிரி ஏறினேன். அடிவாரத்துப் பூண்டியில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவில் தொடங்கினோம். விடியலில் ஏழாவது மலை, மதியத்துக்குள் கீழே, மாலைப் பேருந்தில் ஊர், திங்கட்கிழமை வேலை என்பது என் திட்டம். ஆறாவது மலையின் ஆண்டிச் சுனைக்குச் சற்று முன்பாக மாமா உட்கார்ந்துவிட்டார். “நீ போ மாப்ள, நான் மெதுவா வர்றேன்” என்றார். நானும் போனேன். ஏழாவது மலையில் சூரியன் எழுவதைப் பார்த்தேன், சுவாமியைக் கும்பிட்டேன், அங்கே அரை மணி நேரம் அதிகமாகவே நின்றேன். திரும்பி வந்தபோது, அந்த மலைகளில் விடியலுக்கு முன் அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்பது ஏறியவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்றில் ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்திக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, அதே இடத்தில் இருந்தார். ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. இறங்கும்போது வழுக்குப்பாறையில் அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குப் போனதும் எல்லோரிடமும் “மாப்ள ஏழாவது மலை தொட்டுட்டான்” என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையைக் காது கொடுத்துக் கேட்க என்னால் இன்றுவரை முடியவில்லை. அவர் இப்போது இல்லை.

இனி எனக்கு வந்த அறிவுரைகளுக்கு வருகிறேன்.

“வயது வந்தவர்கள், அவரவர் உடம்புக்கு அவரவர்தான் பொறுப்பு” என்கிறார் ஒரு நண்பர். ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியில்லாமல், முந்தைய நாள் நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு மலைக்கு வருவது தவறுதான். ஆனால் தனியாக வந்தவருக்குத்தான் அது முழுமையாகப் பொருந்தும். பணம் வாங்கி, குழு அமைத்து, “குடும்பம்போல் பயணிப்போம்” என்று அறிவிப்பு ஒட்டியவர்கள், கால் வலித்ததும் குடும்பத்தைக் கலைத்துவிட முடியாது.

“ஒருவருக்காகப் பத்துப் பேர் உச்சியை விட வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஒரே ஒருவர் அவரோடு நின்றிருந்தால் போதும், ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கலாம். பத்தில் ஒருவர்கூட இல்லையே என்பதுதான் என் கேள்வி. மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு அவர் வேகத்துக்கு மற்றவர்கள் நடப்பதும், பழகிய ஒருவர் கடைசி ஆளாக வருவதும், இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் பெரிய வித்தைகள் அல்ல. ஒருநாள் பயணத்தில்தான் இவை கட்டாயம், ஏனென்றால் அங்கே இருட்டு காத்திருக்கிறது. பர்வதமலையில், பாறையில் இரும்புக் கம்பிகள் அடித்த கடப்பாறைப் பாதையில் ஏறும்போது அடுத்த கம்பி கண்ணுக்குத் தெரியும். இறங்கும்போது, முகத்தைப் பாறைக்குத் திருப்பி, காலால் துழாவித்தான் கம்பியைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுங்கும் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே எமன்.

“எவரெஸ்டிலேயே விட்டுவிட்டுத்தான் போகிறார்கள்” என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அடடா. 2006இல் டேவிட் ஷார்ப் என்ற மலையேறி எவரெஸ்டில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, பலர் அவரைக் கடந்து போனார்கள் என்ற செய்தி வந்தபோது, எட்மண்ட் ஹிலாரியே அதைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதையும் அந்த நண்பர் சேர்த்தே படித்திருக்கலாம். மரண மண்டலம் என்றே பெயர் பெற்ற அந்த உயரத்தில் போதிய ஆக்சிஜன் இல்லை, பிறரைத் தூக்க உடலில் வலு இல்லை, அப்போதும் அது விவாதமாயிற்று. நம் மலையோ பௌர்ணமிக்குப் பாட்டிமார்கள் வெறுங்காலோடு ஏறும் மலை. இங்கே எந்த மரண மண்டலம் குறுக்கிட்டது?

பண்பாட்டுப் பாடம் எடுக்கிறேன் என்று கிண்டல் செய்தவருக்கும் ஒன்று. சங்க காலத்துக் குறுநில மன்னன் நன்னனின் நவிரமலை என்று ஆய்வாளர்கள் சொல்வது இதே பர்வதமலையைத்தான். அவனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் சங்கப் பாட்டான மலைபடுகடாம், வழுக்கும் இடங்களில் கொடி சுற்றிய மரத்தைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு, ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டே கடந்து போங்கள் என்கிறது. பரிசு வாங்கப் போனவர்களுக்கே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நாம் படம் எடுக்கத்தானே போகிறோம்.

“அரசு விதிகளைக் கடுமையாக்க வேண்டும்” என்போருக்கு அதிகம் சொல்ல இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கிய காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்த பிறகு, அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தேவைதான். ஆனால் பின்னால் வருபவர் கண்ணில் படவில்லையே என்று ஒருவரை நின்று திரும்பிப் பார்க்க வைக்கும் அரசாணையை எந்தத் துறை வெளியிடும்?

கடைசியாக, “வயதாகிவிட்டது, இளைஞர்கள் ஏறுவதைப் பார்த்துப் பொறாமை” என்ற பின்னூட்டம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆம், நான் மெதுவாக ஏறுபவன்தான். அந்தக் குழுவோடு போன மூன்று பயணங்களிலும் கடைசியாகச் சேர்ந்தது நான்தான். மூன்றிலும் நானும் அந்த வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். மூன்றிலும் உடனே நம்பினார்கள். அப்போது எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை என்பதுதான் இப்போது வலிக்கிறது. நேற்று முன்தினம் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதப் பயணத்துக்குக் கட்டிய முன்பணம் மட்டும் சொல்லாமலே திரும்பி வந்தது. வேகமானவர்கள்தான், மறுக்கவில்லை.

இன்று காலை அந்தப் பதினோராவது நபர் அழைத்தார். “அண்ணே, அந்தப் பின்னூட்டத்தை எடுத்துடுங்களேன், தப்பு என் மேலதான், நான்தானே போகச் சொன்னேன், அவங்க எல்லாரும் சங்கடப்படுறாங்க” என்றார். முழங்காலில் இன்னும் கட்டுப் போட்டிருக்கிறார். பின்னூட்டத்தை எடுக்கவில்லை. அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.