டாங்கியின் கோபுரம் பறப்பதற்கு ஆட்டோலோடர்தான் காரணமா?

"ஆட்டோலோடர் உள்ள டாங்கி அடிபட்டால் கோபுரம் பறக்கும்; நம்ம பெண்டேகாரும் அப்படித்தான்" என்று கோலாலம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி. ஆட்டோலோடர் என்பது பீரங்கியில் தானாகவே குண்டு நிரப்பும் கருவி; கோபுரம் என்பது பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதி.

மலேசிய ராணுவத்தின் 48 பெண்டேகார் டாங்கிகளும் சோவியத் டி-72 டாங்கியின் வழி வந்தவை. டாங்கியின் உள்தரையிலுள்ள சுழல்தட்டில் 22 குண்டுகள். தட்டில் எறிகுண்டு கீழே, அதை உந்தித் தள்ளும் வெடிமருந்தான உந்துமருந்து மேலே. தள்ளுகோல் முதலில் எறிகுண்டை, பிறகு மருந்தைக் குழலுக்குள் தள்ளும். மருந்தின் உறையே எரியக்கூடியது. தீப்பொறி பட்டால் போதும், வீரர்களின் காலடியிலேயே பற்றிக்கொள்ளும். அதைவிட மோசம், சுழல்தட்டுக்கு வெளியே உள்ளறையில் அங்கங்கே செருகிவைக்கும் உபரிக் குண்டுகள். தாழ்வாக இருக்கும் தட்டைவிட அவற்றில் அடிபடுவதே எளிது.

பிரான்சின் லெக்லெர்க் டாங்கியிலும் ஆட்டோலோடர்தான், 22 குண்டுகள். ஆனால் அவை கோபுரத்தின் பின்பகுதியில், தடுப்புச்சுவருக்கு அப்பால் இருக்கின்றன. அங்கே வெடித்தால் மேல்தகடு பிய்ந்துகொண்டு அழுத்தம் வெளியேறும்.

கையால் குண்டு நிரப்பும் ஜெர்மானிய டாங்கியான லெப்பர்டு 2-இலோ 27 குண்டுகள் ஓட்டுநர் பக்கத்திலேயே உள்ளன. சிரியாவின் அல்-பாப் சண்டையில் அதன் கோபுரமும் கழன்று விழுந்தது. ஆகவே குண்டு நிரப்புவது யார் என்பதல்ல, குண்டு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. டி-72 வகையில் உபரிக் குண்டுகளை ஏற்றாமல் 22-உடன் மட்டும் இறங்கினால் ஆபத்து குறையும்; இல்லாமல் போகாது.