பிள்ளையின் கையில் என்ன இருந்தது?

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வைச்ச சுற்றாடல் பட்டறையின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. நாலைந்து பேர் எனக்கு இன்பொக்ஸிலும் அனுப்பினாங்க, "உங்கட ஆக்கள்தானே" என்று ஒரு சிரிப்புக் குறியோட. என்ட ஆக்கள் இல்லை. யார் என்று நான் எழுதப்போறதும் இல்லை. பேனர் அந்தப் படங்களில் பிள்ளைகளைவிடப் பெரிசா இருக்கு, வேணுமென்றவங்க வாசிச்சுக்கொள்ளுங்க.

"சிறார்களுக்கான செயன்முறைச் சுற்றாடல் பட்டறை" என்று போட்டிருந்தது. ஆல்பத்தை முழுக்கப் புரட்டினேன். முன்பள்ளிப் பிள்ளைகள் தொப்பியோட வரிசையில் நிக்குதுகள். அதிதிகளுக்கு மாலை, மங்கள விளக்கு, பேச்சு, மறுகா இன்னொரு பேச்சு. கடைசியில் மட்டக்களப்பு வாவிக்கரை. கண்டல், அதாவது உப்புத் தண்ணிச் சேற்றில் வளருற மரம், அதன் நாற்றைப் பிடிச்சிருக்கிறது ஒரு பெரியவர். குழி வெட்டினது இன்னொருத்தர். பிள்ளை அந்தப் பெரியவரின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு கமராவைப் பார்க்குது. ஒரு படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க, கறுப்புப் பொலித்தீன் பை கழற்றாமலே நாற்று குழிக்குள்ள போகுது. பிள்ளையின் கையில் இருந்தது ஒரு மட்டை, "மரம் நடுவோம்" என்று. அதையும் பிள்ளை எழுதல்ல, அச்சடிச்சது.

நான் கேட்கிறது ஒன்றே ஒன்றுதான். செயன்முறை என்றால் பிள்ளையின் கை வேலை செய்யணும். செய்ததா?

கண்டலையே எடுப்பம். ஜூலை 26 கண்டல் நாள் என்று யுனெஸ்கோ 2015இல் அறிவிச்சது. நல்லது. ஆனால் ஜூலையில் எங்கட வாவி எப்படி இருக்கும்? கச்சான் காற்று அடிச்சு, தண்ணி வத்தி, கரையில் சேற்றுத் திடல் வெளியே தெரியும். போட்டோவுக்கு அருமையான இடம். நாற்றுக்கு அதுதான் சவக்குழி. கார்த்திகை, மார்கழியில் மாரித் தண்ணி மேலேயிருந்து இறங்கி, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுற வரைக்கும் வாவி உயர்ந்து நிக்கும். ஜூலையில் திடலில் நட்ட நாற்று அப்ப நாள்கணக்காத் தண்ணிக்குள்ள. எங்கட கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் ஒரு முழம் பள்ளத்தில் நட்டாலே கதை முடிஞ்சுது. கண்டல் தண்ணியில் வளரும் மரம்தான், ஆனால் எந்நேரமும் மூழ்கிக் கிடந்து வளரும் மரம் இல்லை.

இது நான் கண்டுபிடிச்ச விசயம் இல்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் எங்கும் கண்டல் நட்டாங்களே, அப்படியான 23 இடங்களை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2017இல் வந்தது. நட முயன்றது 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை. உருப்பட்டது 200, 220 ஹெக்டயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சல்ல. பிழையான இடத்தில் நட்டதும், நட்ட பிறகு திரும்பிப் பார்க்காததும், மாடு மிதிச்சதும்தான் காரணங்களில் முக்கியமானவை. இந்த வருசத்து ஆல்பத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கண்டலை வைத்தே பிள்ளைக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம் தெரியுமா? நீட்டுக் கண்டல் காயை ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்து வையுங்க. கழுத்தில் மஞ்சள் வளையம் வந்தது முத்தினது, வராதது பிஞ்சு. இந்தப் பிரிப்பை ஐந்து வயசுப் பிள்ளை பிழையில்லாமல் செய்யும். பூச்சி துளைச்ச ஓட்டை இருந்தால் கழிக்கணும். ஓட்டை தேடுறதில் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால நாங்க எல்லாம் ஒன்றுமில்லை. எது தலை, எது கால் என்று பிள்ளையே பார்க்கட்டும்: தடித்துப் பாரமா இருக்கிற பக்கம் கீழே, மெல்லிய முளை இருக்கிற பக்கம் மேலே. பெரியவங்களே தலைகீழாக் குத்தின படங்கள் கன வருசமா உலாவுது. ஆழம் நாலு விரல், ஐந்து ஆறு சென்ரிமீற்றர், போதும். அதுக்கு மேல புதைச்சால் அழுகும். பையும் வேண்டாம், குழியும் வேண்டாம், சேற்றில் குத்தினால் சரி. பாடசாலையிலேயே வளர்க்கப்போறீங்களென்றால் அடியில் ஓட்டை போட்ட பால்மாப் பக்கற்றில் சேற்றை நிரப்பி, நிழலில் வைத்து, வாவித் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் கலந்து ஊற்றுங்க. முதல் சோடி இலை வரக் கன நாள் எடுக்கும். அந்தக் காத்திருப்புத்தான் பாடம். கன்றாக வளர்த்து நடுகிற நாளில் பக்கற்றைக் கழற்றச் சொல்லியும் பிள்ளைக்குக் காட்டுங்க. மேலே சொன்ன படத்தில் இருக்கிறவங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

"சின்னப் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேற்றில் இறக்கச் சொல்றீங்களா" என்று தாய்மார் கேட்பாங்க. கேட்கணும். இது நியாயமான கேள்வி, அதனால் இதுக்கு ஆறுதலாப் பதில் சொல்றேன். நான் இறக்கச் சொல்லல்ல. வாவியில் முதலை இருக்கு. கரையில் கண்ணாடித் துண்டும் சிப்பி விளிம்பும் இருக்கு. தில்லை மரம் நிக்குது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். படத்தில் பிள்ளைகளை வரிசையா விட்ட இடத்துக்குப் பின்னால நிக்கிறது எனக்குத் தில்லை மாதிரித்தான் தெரியுது. நிச்சயமில்லை, படம் தெளிவில்லை. ஆனால் ஆள் அனுப்பி முன்கூட்டிப் பார்த்திருக்கணுமா இல்லையா? முன்பள்ளிப் பிள்ளைக்கு வாவியைக் காட்ட வாவிக்கே போகத் தேவையில்லை. ஒரு வாளிச் சேறு பாடசாலைக்கு வந்தால் போதும். அதைப் பெரியவர் ஒருத்தர் கையுறை போட்டுப் பிசைஞ்சு, சிப்பி, கண்ணாடி, ஊசி எல்லாம் பொறுக்கி எடுத்த பிறகுதான் பிள்ளைக்கு. கையில் காயம் உள்ள பிள்ளை அன்றைக்குச் சேற்றைத் தொடாது, காய் பிரிக்கும். முடிஞ்சதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுறது. இவ்வளவும் தெரிஞ்ச டீச்சர் ஐந்து பிள்ளைக்கு ஒருத்தர் நிக்கணும். நூறு பிள்ளைக்கு நாலு டீச்சரும் ஒரு மைக்கும் என்றால் அது பட்டறை இல்லை, கூட்டம்.

இன்னொன்று சொல்றேன், காசே இல்லாத வேலை. மண் போத்தல். கல்லடிக் கடற்கரை மணல் கொஞ்சம், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் மண் கொஞ்சம், வீட்டு வளவு மண் கொஞ்சம். வயல் மண்ணைப் பிள்ளையை விட்டு அள்ள வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் இருக்கு. பெரியவங்க அள்ளி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காய வைக்கணும். எப்படியும் காயத்தான் வேணும், ஏனென்றால் கட்டி உடையாட்டி இந்த வேலை சரிவராது. கட்டியைப் பிள்ளைகள் சிரட்டையால் நொறுக்கட்டும், அதுவே அரை மணித்தியாலம் போகும், ஒருத்தரும் அழாது. மூடி இறுகுகிற, நேராக நிற்கிற தெளிந்த போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரைக்கும் தண்ணி. சலவைத் தூள் ஒரு சிட்டிகை, அதை டீச்சர் போடணும். அது களித்துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிச்சு விடும். மூடியை ஒருக்காத் தலைகீழாப் பிடிச்சு ஒழுகுதா என்று பாருங்க, இல்லாட்டி வெள்ளைச் சீருடை போச்சு. பிறகு மூன்று நிமிசம் குலுக்கு.

வைத்த உடனே மணல் விழும், ஒரு நிமிசத்துக்குள்ள. வண்டல் மணித்தியாலக் கணக்கில் இறங்கும். களி அடுத்த நாளும் கலங்கி நிக்கும். காய்ந்த இலை, வேர்த்துண்டெல்லாம் மேலே மிதக்கும். கடற்கரைப் போத்தல் உடனே தெளியும், வயல் போத்தல் தெளியாது. வேளாண்மை ஏன் படுவான்கரையில், கடல் பக்கத்து எழுவான்கரையில் ஏன் தென்னையும் கச்சான் கடலையும் என்ற கேள்வி அந்த இரண்டு போத்தலுக்கு நடுவில் நிக்குது. ஒரு பேச்சும் தேவையில்லை. இதில் நடக்கிற பிழை ஒன்றே ஒன்று, யாராவது போத்தலைத் தூக்கிக் காட்டுறது. ஒரு முன்பள்ளியில் டீச்சர் அதை மேசையிலிருந்து யன்னலுக்கு மாற்றி வைத்திட்டா. அடுத்த நாள் வெள்ளன வந்த நாலு வயசுக்காரி நேரே போத்தலுக்குப் போய் நின்றுட்டு, "ஆரு மிஸ் இத ஆட்டின?" என்று கேட்டாள். பாவம், டீச்சருக்குப் பதில் இல்லை. அந்தக் கோபம் வரணும் என்றுதான் பட்டறை வைக்கிறது. மட்டை பிடிச்ச பிள்ளைக்கு அந்தக் கோபம் எங்கேயிருந்து வரும்?

வாவிச் சேற்றைக் காய வைக்க வேண்டாம். பச்சையாவே ஒரு பேசினில் வையுங்க. கிண்டினால் உள்ளே கறுப்பு, கூழ்முட்டை நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தும், கத்தட்டும். சேற்றுக்குள்ள காற்று இல்லை, காற்றில்லாமல் வாழுற பக்ரீரியா விடுற வாயு அது. அப்ப வேர் எப்படி மூச்சு விடும் என்று கேளுங்க. கண்டலில் ஒரு வகையான கண்ணா மரத்தைச் சுற்றிப் பென்சில் மாதிரி நிலத்துக்கு மேலே குத்தி நிக்கிற வேர்களின் படத்தை அதுக்குப் பிறகு காட்டுங்க. முதலில் நாற்றம், பிறகு படம். மாற்றிச் செய்தால் இரண்டும் வீண்.

இனி என்ன சொல்வாங்க என்று எனக்குத் தெரியும். "அவங்க ஏதோ செய்தாங்களே, நீ என்ன செய்தாய்?" இதுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேலே எழுதினதைச் செய்து பாருங்க.

"அனுசரணை தாறவங்க போட்டோ கேட்பாங்க." கேட்கட்டும். சேறு பூசின கையைப் போட்டோ எடுக்க ஏலாதா? அந்த பேனரின் காசில் ஒரு வருசத்துக்குப் போத்தலும் வாளியும் வாங்கலாம். பேனரும் பிளாஸ்டிக் என்றதை விடுவம்.

"எல்லா டீச்சருக்கும் இது தெரியாதே." இது சரி. அதுக்காகத்தான் டீச்சருக்குப் பட்டறை வைக்கணும் என்று தொண்டை வத்தக் கதைக்கிறம். முன்பள்ளி டீச்சர்மார் கையில் வாங்குறதைச் சொன்னால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டாங்க. அவங்களை அதிதிகளுக்குத் தேத்தண்ணி பரிமாற விட்டதும் அந்த ஆல்பத்தில் இருக்கு. பாதித் தெரிஞ்சு செய்கிறதாலயும் கேடு வருது, வெட்டின போத்தலில் கூழாங்கல், மணல், கரி அடுக்கி நீர் வடிகட்டி செய்கிற விளையாட்டு மாதிரி. எல்லாரும் செய்றாங்க. மணலைத் தெளிந்த தண்ணி வரும் வரை கழுவாமல் போட்டால் ஊற்றினதைவிட அழுக்காத் தண்ணி வரும், அது பரவாயில்லை. தெளிவா வந்ததைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிறாங்களே, அதைத்தான் பொறுக்க ஏலாது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணியில் கிருமி போகல்ல. அதைச் சொல்லாமல் அந்த வடிகட்டியைச் செய்யவே வேண்டாம். அதுக்குப் பதிலா ஆளுக்கு ஐந்து பயறை இரவு ஊற வைத்து ஈரத் துணியில் சுற்றிக் கொடுங்க. தண்ணி கூடினால் அழுகி மணக்கும், குறைந்தால் காயும். ஐந்து ஏனென்றால் ஒன்றிரண்டு முளைக்காது. ஒன்றே ஒன்று கொடுத்து அது முளைக்காட்டி அந்தப் பிள்ளையை யார் தேற்றுறது?

சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கொடுத்தது ரெஜிஃபோம் பெட்டியில், அந்த வெள்ளை நுரைப் பெட்டி. 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தது. பிளாஸ்டிக் கரண்டி, அதுவும் 2023 ஒக்டோபரில் தடை. சுற்றாடல் பட்டறையில். பிறகு அதே பிள்ளைகளை விட்டுக் கரையில் குப்பை பொறுக்க வைச்சிருக்கு. அந்தக் குப்பையைப் போட்டது யார்? நாலு வயசுப் பிள்ளையா? அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்தது, எட்டு வருசத்தில் ஏறத்தாழ 20 என்று 2022இல் செய்தி வந்தது. அந்த மேட்டைக் கட்டினது முன்பள்ளிப் பிள்ளைகளா? நாங்க போடுவம், பிள்ளை பொறுக்கும், நாங்க போட்டோ எடுப்பம். இதுக்குப் பேர் கல்வியாம். ஒரு பிள்ளை பொறுக்கினதைக் கொண்டுவந்து அதிதியிடம் நீட்டுற படமும் இருக்கு. அவர் கையைப் பின்னால கட்டியிருக்கிறார்.

எரிச்சலில் எழுதுறேன் என்று சொல்லுங்க, ஓம், எரிச்சல்தான். இந்தப் பதிவை ஸ்கிரீன்சொட் எடுத்து அவங்களுக்கு அனுப்புறவங்க இருக்கிறீங்க, தெரியும். அனுப்புங்க. முழுசா அனுப்புங்க, மண் போத்தல் பகுதியை வெட்டிப்போடாமல். மாரிக்கு முதல் வயல் மண் காய வைக்க இன்னும் வெயில் இருக்கு.