ஐந்து பேருக்கும் ஒரே முகம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

"அண்ணா, இவதானே இப்போ அழுதுட்டுப் போனா? அதுக்குள்ள சிரிக்கிறா?"

"அவ மூணாவது. இது நாலாவது."

"ரெண்டும் ஒரே மூஞ்சிதானே?"

"அதான் கதையே."

"நீ எல்லாம் முப்பது வயசு ஆளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகட்டும். அந்த ஒரே மூஞ்சியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தொடரின் பெயர் 'தி குவின்டெசன்ஷியல் குவின்டப்லெட்ஸ்'. ஜப்பானியப் பெயர் 'கோதோபுன் நோ ஹனயோமே', அதாவது ஐந்து சம பங்காகப் பிரித்த மணப்பெண். முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள், பார்க்கப் போகிறவர்கள், இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நெகி ஹருபா எழுதி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், இது. 2017 முதல் 2020 வரை ஒரு வார இதழில் வந்து 14 தொகுதிகளில் முடிந்தது. அனிமேயாக, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராக, 2019-இல் ஒரு சீசன், 2021-இல் ஒரு சீசன், 2022-இல் கதையை முடித்து வைக்க ஒரு திரைப்படம். உவேசுகி ஃபூதாரோ படிப்பில் முதல் மாணவன், வீட்டில் தலைக்கு மேல் கடன். பணக்கார வீட்டில் டியூஷன் எடுக்கும் வேலை வருகிறது, வழக்கத்தைவிட ஐந்து மடங்கு சம்பளம். போய்ப் பார்த்தால் மாணவியும் ஐந்து மடங்கு. இச்சிகா, நினோ, மிகு, யோட்சுபா, இட்சுகி. ஒரே பிரசவத்தில் பிறந்த ஐவர். பெயரிலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து இருக்கிறது. முதல் தேர்வில் ஐவரின் மதிப்பெண்ணையும் கூட்டினால்தான் நூறு வருகிறது. கதை தொடங்குவதோ பல வருடம் கழித்து நடக்கும் கல்யாண நாளில். ஐவரில் ஒருத்திதான் மணப்பெண். யார் என்பதைக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள்.

ஹரேம் காமெடி என்றாலே பலருக்கு அலர்ஜி. நியாயமான அலர்ஜிதான். ஒரு சாதாரணப் பையன், சுற்றி ஐந்தாறு பெண்கள், எல்லாருக்கும் அவன்மேல் ஒரு கண், அவனுக்கு மட்டும் ஒன்றும் புரியாது. தடுக்கி விழுந்தால் யார்மேலாவதுதான் விழுவான். கதவைத் திறந்தால் யாராவது துண்டோடு நிற்பார்கள். 90-களின் 'டெஞ்சி முயோ', அப்புறம் 'லவ் ஹினா' என்று இந்தச் சூத்திரம் ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது. இன்னொரு வியாதியும் உண்டு. முடியின் நிறத்தை மாற்றிவிட்டால் எந்தப் பெண் யார் என்று தெரியாது. சிவப்பு முடி என்றால் கோபக்காரி, நீல முடி என்றால் அமைதி. அதற்குமேல் அவர்களுக்குள் சரக்கு இருக்காது.

ஹருபா செய்த கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. ஹரேம் கதைகளின் அந்தப் பழைய குறையையே எடுத்துக் கதையின் கருவாக வைத்துவிட்டார். உங்கள் நாயகிகள் எல்லாரும் ஒன்றுபோலவே இருக்கிறார்களே என்று யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் நிஜமாகவே ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள். நாயகனின் வேலையே ஆளுக்கு ஆள் வித்தியாசம் கண்டுபிடிப்பதுதான். அன்பு இருந்தால் அடையாளம் தெரியும் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. ஃபூதாரோவுக்கு முதலில் சுத்தமாகத் தெரியாது. தலையில் பச்சை ரிப்பன் என்றால் யோட்சுபா, காதில் ஹெட்ஃபோன் என்றால் மிகு, நட்சத்திர கிளிப் என்றால் இட்சுகி. அதையெல்லாம் கழற்றிவிட்டால் பையன் காலி. தாத்தாவின் வெந்நீரூற்று விடுதிக்குப் போகும்போது ஐவரும் இட்சுகி வேடத்தில் நிற்பார்கள். அதில் ஒருத்தியை, திணறித் திணறிக் கடைசியில் மிகு என்று கண்டுபிடிக்கிறான். மிகுவின் முகம் மாறும் அந்த நொடியில் எனக்குத் தொண்டை அடைத்தது. சரி, நான் மிகு கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுநிலை இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள்.

ஃபூதாரோவும் வழக்கமான ஹரேம் நாயகன் இல்லை. முதல் எபிசோடில் பள்ளி கேன்டீனில் என்ன கேட்கிறான் என்று கவனியுங்கள். யாகினிகு செட் சாப்பாடு, யாகினிகு வேண்டாம். அதாவது கறிச் சாப்பாட்டில் கறி இல்லாமல். வெறும் சோறு வாங்கினாலும் 200 யென், செட்டில் கறியைக் கழித்தாலும் 200 யென். ஆனால் செட்டில் மிசோ சூப்பும் ஊறுகாயும் கூடவே வரும். இந்தக் கணக்கைப் போடும் ஒருவனுக்கு எதிரே தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு இட்சுகி வந்து உட்காருகிறாள். அவன் ஏழ்மை, அவள் செழிப்பு, இரண்டு பேரின் வீம்பு எல்லாம் ஒரு சாப்பாட்டு மேசையில் முடிந்துவிட்டது. வசனம் எழுதிப் பிழைக்கும் நண்பர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை பார்க்கலாம். இவனுக்கு வேலை இருக்கிறது, வேலையில் ஜெயித்தாக வேண்டிய கட்டாயம் இருக்கிறது. பெண்களிடம் வழிந்துகொண்டு நிற்க நேரமில்லை. அவர்களுக்கு இவனைப் பிடிக்க ஆரம்பிப்பதும் இவன் உழைப்பைப் பார்த்துத்தான்.

இரண்டாம் சீசன் தொடக்கத்தில் ஒரு சண்டை வரும். இவன் கொண்டுவந்த கேள்வித்தாள்களை நினோ கிழித்துவிடுவாள். இட்சுகி அவளைப் பளார் என்று அறைவாள். கிழிந்த தாள் அச்சடித்தது இல்லை, ஐந்து பேருக்கும் உட்கார்ந்து கையால் எழுதியது. இதற்குப் பிறகு வீடே இரண்டாகிறது. காமெடி தொடரில் ஒரு கிழிந்த காகிதத்துக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

நினோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இவனைத் துரத்த என்னவெல்லாமோ செய்கிறாள். அதில் ஒன்று, குடிக்கும் தண்ணீரில் தூக்க மருந்து கலப்பது. அதைச் சிரிப்பாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பையன் ஒரு பெண்ணுக்கு இதைச் செய்திருந்தால் அந்த எபிசோடு காமெடியாக ஓடியிருக்குமா? ஆனாலும் இதே நினோதான் பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து "பிடிச்சிருக்கு" என்கிறாள். காற்றில் அது அவன் காதில் விழவில்லை. மற்ற ஹரேம் தொடராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார்கள். காதில் விழாத காதல் சேதியை வைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமே! இவளோ நேருக்கு நேர் நின்று திரும்பவும் சொல்கிறாள். இந்த வகைக் கதைகளின் மிகப் பழைய தந்திரத்தை ஒரே வரியில் காலி செய்த இடம் அது. மிகு கட்சிக்காரனான நானே எழுந்து நின்று கை தட்டினேன்.

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் ஒன்றைச் சொல்கிறேன். ஐவரும் ஃபூதாரோவை ஐந்து விதமாகக் கூப்பிடுவார்கள். உவேசுகி அவன் குடும்பப் பெயர்; 'குன்', 'சான்' எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டும் ஜப்பானிய மரியாதைச் சொற்கள். இச்சிகாவுக்கு ஃபூதாரோ-குன். நினோவுக்குக் காதல் வந்தபிறகு ஃபூ-குன். மிகுவுக்கு வெறும் ஃபூதாரோ. யோட்சுபாவுக்கு உவேசுகி-சான், இட்சுகிக்கு உவேசுகி-குன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரியும். ஆங்கில சப்டைட்டிலில் இது பெரும்பாலும் போய்விடுகிறது. நீ, நீங்க, வாடா, வாங்க என்று ஒரே ஆளிடமே நாளுக்கு நாலு விதமாகப் பேசும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். ஒருத்தி 'சான்' போட்டுத் தள்ளி நிற்பதற்கும் இன்னொருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள தூரம் இருக்கிறதே, பாதிக் கதை அங்கேதான். குரல் கொடுத்தவர்களையும் பாராட்டியாக வேண்டும். இச்சிகாவுக்குக் குரல் கொடுத்த ஹனசவா கானா, இச்சிகா மிகு வேடம் போடும்போது மிகுவாக நடிக்கும் இச்சிகாவாகப் பேச வேண்டும். அதைச் செய்திருக்கிறார்.

இனி குறைகள். ஓவியத்தை முதலில் முடித்துவிடுகிறேன், பேச அதிகமில்லை. முதல் சீசனில், டெசுகா புரொடக்ஷன்ஸ் செய்தது, தூரத்துக் காட்சிகளில் முகங்கள் மெழுகு மாதிரி உருகிக் கிடக்கும். ஒரே முகத்தில் ஐந்து பேரின் வித்தியாசம் காட்ட வேண்டிய தொடரில் முகமே சரியில்லை என்றால் என்ன செய்வது? இரண்டாம் சீசனிலிருந்து பிபுரி ஸ்டுடியோ எடுத்துக்கொண்டது. பளிச்சென்று ஆனது, கூடவே ஓட்டமும் பிடித்தது. மாங்காவில் நின்று மூச்சு விட்ட இடங்களையெல்லாம் இதில் தாண்டிப் போகிறார்கள்.

அந்த ஓட்டத்தில் அடிபட்டவள் இச்சிகா. கியோட்டோ சுற்றுலாவில் மிகு வேடம் போட்டுத் தங்கையின் காதலையே குலைக்கப் பார்க்கிறாள். எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தே வளர்ந்த மூத்தவள் முதல்முறை தனக்கென்று ஒன்றைப் பிடுங்கப் பார்க்கும் இடம் அது. மெதுவாகச் சொல்லியிருந்தால் தொடரிலேயே ஆழமான பகுதியாக இருந்திருக்கும். அனிமேயில் கடைசி சில எபிசோடுகளில் அள்ளிப் போட்டதால் அவள் வில்லியாகத் தெரிகிறாள். நாலு தங்கைகளோடு பிறந்த எந்த அக்காவிடமாவது கேட்டுப் பாருங்கள், இச்சிகாவுக்காக வக்காலத்து வாங்குவார்கள். இட்சுகி கதையோ அதைவிடப் பாவம். முதல் காட்சியில் வந்து உட்கார்ந்தவளுக்குச் சொந்தமாக ஒரு கதை கிடைக்கப் படம்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பெற்ற அப்பா திடீரென்று வந்து நிற்பதும் போவதுமாக முடிந்துவிடுகிறது.

என் பெரிய வருத்தம் இதெல்லாம் இல்லை. மணப்பெண் யோட்சுபா. மாங்காவில் இது தெரிந்தபோது நினோ கட்சியும் மிகு கட்சியும் அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது, நானும் அதில் ஒருவன். கோபம் ஆறி மறுபடி படித்தபோது யோட்சுபாதான் சரி என்றே தோன்றியது. சின்ன வயதில் கியோட்டோவில் அவனைச் சந்தித்தவள் அவள். நன்றாகப் படித்து வீட்டைக் காப்பாற்றுவோம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதைப் பிடித்துக்கொண்டு, அக்கா தங்கைகளைவிட மேலே வரவேண்டும் என்று ஓடி, தோற்றவள். அவள் ஃபெயில் ஆனதால்தான் மற்ற நாலு பேரும் பழைய பள்ளியை விட்டு அவளோடு வந்தார்கள். அந்தக் கடனைத் தீர்ப்பதாக நினைத்து அத்தனை வருடம் எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே உதவி செய்கிறாள். அவனைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தும் சொல்லவில்லை.

இவ்வளவு நல்ல கதையை எங்கே வைத்திருக்கிறார்கள்? பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, 136 நிமிடப் படத்தில்தான் திறக்கிறார்கள். மணப்பெண் யார் என்ற புதிரைக் காப்பாற்ற, மணப்பெண்ணையே மறைக்க வேண்டியதாகிவிட்டது. நினோவின் காதலும் மிகுவின் காதலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதை இரண்டு சீசன் பார்த்தோம். யோட்சுபாவின் காதல் நமக்கு ஃபிளாஷ்பேக்காக வந்து சேர்கிறது. அவனுக்கு அவளை எப்போது பிடித்தது? பள்ளி விழா முடிந்த இரவில் ஐவரும் தனித்தனி அறையில் காத்திருக்க, அவன் அவளிடம் போகிறான். ஏன் அவள் என்பதற்குக் காரணம் சொல்கிறான், காரணமும் நியாயம்தான். ஆனால் நம் கண்முன்னால் அது வளரவில்லை. துப்பறியும் கதைக்கு இந்த ஒளித்து வைத்தல் சரி. காதல் கதையில் அது வாசகனைப் பட்டினி போடுவது.

அதே காலத்தில் 'வீ நெவர் லேர்ன்' என்று இன்னொரு டியூஷன் வாத்தியார் ஹரேம் மாங்காவும் ஓடிக்கொண்டிருந்தது. அது ஐந்து நாயகிக்கும் ஐந்து முடிவு கொடுத்து எல்லாரையும் சமாதானப்படுத்திவிட்டது. பந்தியில் யார் இலையிலும் குறை வைக்காத மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஹருபா ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார், நாலு கட்சி ரசிகர்களிடம் திட்டு வாங்கினார், அந்தத் துணிச்சலுக்கு என் மரியாதை. படம் ஜப்பானில் 200 கோடி யென்னைத் தாண்டி வசூலித்தது, ஆக, திட்டியவர்களும் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஐவரும் மணப்பெண் உடையில் நிற்க, ரிப்பனும் ஹெட்ஃபோனும் இல்லாமல் ஒவ்வொருத்தியையும் அவளவள் பெயரைச் சொல்லி அவன் கூப்பிடும் இடத்துக்காகவே நானும் எடுத்திருப்பேன்.

முடித்துவிட்டு அன்று ராத்திரியே முதல் எபிசோடை மறுபடி போட்டேன். கேன்டீன். அவன் தவறவிட்ட நூறு மதிப்பெண் தாளைக் கொடுக்க ஒருத்தி பின்னாலேயே வருகிறாள். தன் தாளையும் காட்டுகிறாள், அதில் பூஜ்யம். முதல் தடவை பார்த்தபோது லூசுப் பெண் என்று சிரித்திருந்தேன். சிறுமியாக இருந்தபோது ஃபூதாரோ-குன் என்று கூப்பிட்ட அதே வாயால் இப்போது உவேசுகி-சான் என்கிறாள்.

தங்கை மறுபடி அந்தப் பக்கம் வந்தாள். திரையைப் பார்த்தாள். "இவதான் கட்டிக்குவாளா?"

"எப்படிடீ சொல்ற?"

"பேப்பரைக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? போக மனசில்லாம நின்னுட்டே இருக்கா பாரு."