கே இருந்தால் மட்டும் போதாது

ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்ட, இன்டெலின் ஐ5-12600கே பிராசசரை வாங்கி, பி660 மதர்போர்டில் போட்டுப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பெயரின் கடைசியில் வரும் 'கே', ஓவர்கிளாக் செய்யப் பூட்டில்லாத சிப் என்பதற்கான அடையாளம். அங்கேதான் இடிக்கிறது. பி660-ல் ராமின் வேகத்தைக் கூட்டலாம், பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணான மல்டிப்ளையரைத் தொட முடியாது. அதற்கு இசட்690 மாதிரி போர்டு வேண்டும். 12600கே பெட்டியில் கூலரும் கிடையாது. போர்டு, கூலர் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பட்ஜெட் எங்கே போகிறதென்று தெரியும்.

என்னைக் கேட்டால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர்தான். ஆறு கோர் (கணக்குப் போடும் மையங்கள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), மல்டிப்ளையர் பூட்டப்படாதது, பெட்டியிலேயே கூலர். பி450 அல்லது பி550 போர்டு போதும். ஏ320, ஏ520 மட்டும் வேண்டாம், அவற்றில் ஓவர்கிளாக் இல்லை. பெட்டியோடு வரும் கூலர் சின்னது என்பதால் கூடுதல் வோல்டேஜ் கொடுத்தால் சூடு ஏறிவிடும். நான் போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரைக் கொஞ்சம் மைனஸில் வைத்ததோடு சரி. சூடும் குறைந்தது, வேகமும் துளி கூடியது.

அப்புறம், 2014-ல் இன்டெல் விட்ட பென்டியம் ஜி3258 நினைவிருக்கிறதா? 3.2 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 4.2 வரை ஏற்றிவிட்டு இரண்டு நாள் தூங்காமல் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் இரண்டே த்ரெட். கொஞ்ச நாளில் சில கேம்கள் திறக்கவே மறுத்தன. அதிலிருந்து முதலில் கோர் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன், கிகாஹெர்ட்ஸை அப்புறம்.

கட்டுரையாளர் அந்த பி660 வரியை மட்டுமாவது திருத்தினால் நல்லது, யாராவது நம்பி வாங்கிவிடப் போகிறார்கள்.